ஆசிரியர் இறங்கிய பிறகு: முதல் சோலோ

விமானப் பயிற்சிச் சங்கத்தில் பெயர் பதிந்த நாள் முதலாக ஒவ்வொரு மாணவரும் மனத்துக்குள் எண்ணி எண்ணிக் காத்திருக்கும் அந்த நாள், பெரும்பாலும் முன்னறிவிப்பு எதுவுமின்றியே வந்து சேருகிறது. வழக்கம்போல ஆசிரியருடன் சில சர்க்யூட்டுகள் பறந்து, ஓடுபாதையை விட்டு விலகி, விமானத்தை நிறுத்தியதும், அவர் தம் ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டே, "இனி நீயே ஒரு சர்க்யூட் போய்விட்டு வா, ஃபுல் ஸ்டாப்" என்று சொல்லிக் கதவைத் திறக்கிறார். இந்தியாவில் வழங்கப்பட்ட முதலாவது விமானி லைசென்ஸை 1929 பிப்ரவரியில் பம்பாயில் பெற்ற ஜே. ஆர். டி. டாட்டா தொடங்கி, இன்று பெரிய ஜெட் விமானங்களைச் செலுத்தும் காப்டன்கள் ஈறாக, விமானி எனப்படும் எல்லோரும் இந்த ஒரு வாசலைக் கடந்தே உள்ளே வந்திருக்கிறார்கள்.

ஆசிரியர் எதைக் கண்டு இறங்குகிறார் என்பதை மாணவர் தெளிவாக அறிந்துகொள்வது அவசியம். பத்து முறை தொடர்ந்து மெத்தென்று இறக்கிக் காட்டிய மாணவரையும் தனியே அனுப்பத் தயங்கும் ஆசிரியர்கள், இரண்டு முறை கோணலாக வந்து, அந்தக் கோணலைத் தாமே உணர்ந்து, எவரும் சொல்லாமலே த்ராட்டிலை முழுதும் தள்ளி மீண்டும் மேலேறிய மாணவரை அன்றே அனுப்பிவிடுகிறார்கள். கெட்டுப்போகும் இறக்கத்தை உரிய சமயத்தில் அடையாளங் கண்டு கைவிடும் புத்தியே தனியே பறப்பதற்குரிய தகுதி. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கருத்தையே அடிப்படையாகக் கொண்டது.

இங்கே குறிப்பிடும் வேகங்களும் அளவுகளும் பயிற்சிச் சங்கங்களில் நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ள ஸெஸ்னா 152 என்னும் இரண்டு இருக்கை விமானத்துக்கு உரியவை. உங்கள் விமானம் வேறானால், அதன் கைந்நூலில் உள்ள எண்களை எடுத்துக்கொள்ளுங்கள், முறை மாறாது.

முன்னதாகவே முடித்து வைக்க வேண்டியவை

அழைப்பு எந்தக் காலையிலும் வரலாம் ஆகையால், காகிதங்களைத் தேடும் வேலையை அன்றைக்கென்று மிச்சம் வைக்கலாகாது.

1. மாணவ விமானி லைசென்ஸ், அதாவது எஸ்.பி.எல்., கையில் இருக்க வேண்டும். இதற்கு நம் நாட்டில் 16 வயது நிரம்பியிருத்தல் விதி.
2. மருத்துவச் சான்றின் கடைசித் தேதியைப் பாருங்கள்.
3. லாக் புத்தகத்தில் அதுவரை பறந்த நேரம் முழுவதும் பதிவாகி, ஆசிரியரின் கையொப்பம் பெற்றிருக்க வேண்டும். ஸ்டால், அதிலிருந்து மீளுதல், இன்ஜின் நின்றுபோனால் இறங்குதல், கோ-அரவுண்ட் ஆகிய பயிற்சிகள் எதுவும் விடுபட்டிருந்தால், கூச்சப்படாமல் ஆசிரியரிடம் கேட்டுச் செய்து முடியுங்கள்.
4. பல சங்கங்களில் பிரதம ஆசிரியர் தாமே ஒரு முறை உடன் பறந்து பரீட்சித்த பிறகே சோலோவுக்கு அனுமதி எழுதுகிறார். அந்த அனுமதி புத்தகத்தில் எழுதப்பட்டுவிட்டதா என்பதை உங்கள் கண்ணால் பாருங்கள்.
5. பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது அருந்தியிருக்கக் கூடாது என்பது சட்டம். ஜலதோஷத்துக்குச் சாப்பிடும் சாதாரண மாத்திரையும் தூக்கத்தைத் தரக்கூடியது ஆகையால், மருந்து உட்கொண்ட நாளில் அதை ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். வீட்டாரையும் நண்பர்களையும் அன்றைக்கு வரச் சொல்லாதிருப்பது நல்லது. ஓடுபாதை ஓரத்தில் அப்பாவும் அம்மாவும் காத்து நிற்கிறார்கள் என்ற எண்ணம், "இன்று வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய நேரத்தில் மாணவரின் வாயைக் கட்டிவிடும். தொலைபேசியை அணைத்து ஆசிரியரிடமே கொடுத்துவிடுங்கள்.

நாளும் நேரமும்

நம் பிரதேசத்தில் முதல் சோலோவுக்கு உகந்தது சூரியன் உதித்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்ளான காலைப் பொழுது. கடல்மட்டத்தில் உள்ள நிலையத்தில் வெயில் 40 டிகிரி செல்ஷியஸை எட்டும் பிற்பகலில், காற்று சூடேறி அடர்த்தி குறைந்துவிடுவதனால், விமானம் ஏறக்குறைய 3000 அடி உயரமுள்ள ஒரு நிலையத்திலிருந்து புறப்படுவது போலத் தளர்ந்து ஓடி, தாமதித்து எழும்பி, மெதுவாக ஏறும். அதோடு, சூடேறிய ஓடுபாதையிலிருந்து எழும் காற்று, இறங்கி வரும் விமானத்தைக் கடைசி நொடியில் தூக்கிவிடும்.

காலைப் பொழுதுக்கும் அதற்கே உரிய இரண்டு இடையூறுகள் உண்டு. கிழக்கு நோக்கிய ஓடுபாதையில், அதாவது 07 அல்லது 09 என்று எண்ணிட்ட பாதையில், ஃபைனலுக்குத் திரும்பியதும் பனிமூட்டத்தின் ஊடே சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். எதிரே பார்க்கும் தூரம் அப்போது அறிக்கையில் உள்ளதைவிட வெகுவாகக் குறைந்துவிடும். இரண்டாவது பறவைகள்: புல்வெளியில் ஆட்காட்டிகளும் கொக்குகளும் இரை தேடும் நேரம் அது, வெயில் ஏற ஏறப் பருந்துகள் வட்டமிடத் தொடங்கும்.

ஸெஸ்னா 152-இல் பக்கக் காற்றுக்கு நிரூபிக்கப்பட்ட அளவு 12 நாட். அது தேர்ந்த விமானி செய்து காட்டியது. முதல் சோலோவுக்குப் பக்கக் காற்று 5 நாட்டுக்கு மேற்படாதிருப்பதும், எதிரே 5 கிலோமீட்டருக்குக் குறையாமல் தெளிவாகத் தெரிவதும் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். உங்கள் ஆசிரியர் இதைவிடக் கடுமையான வரம்பு வைத்திருந்தால் அவர் சொல்லே பிரமாணம்.

ஆசிரியர் இறங்கும் சில நிமிஷங்கள்

விபத்துக்கு வித்திடும் கவனக்குறைவுகளில் பல, விமானம் தரையில் அசையாமல் நிற்கும் இந்தச் சில நிமிஷங்களிலேயே நேர்கின்றன. மனம் ஏற்கெனவே ஆகாயத்தில் இருப்பதால் கைகள் அவசரப்படுகின்றன. பின்வரும் வரிசையை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுங்கள்.

1. இன்ஜினை நிறுத்திவிடுங்கள். சுழலும் புரொப்பெல்லர் அருகில் ஒருவர் இறங்குவதைத் தவிர்க்க அதைவிடச் சிறந்த வழி இல்லை. எக்காரணத்தாலோ நிறுத்தாமலே ஆசிரியர் இறங்குவாரானால், பார்க்கிங் பிரேக்கை இட்டு, இன்ஜினை மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, அவர் வால் பக்கமாக நடந்து சிறகின் முனையைத் தாண்டி உங்கள் பார்வைக்கு வரும் வரை கையைப் பிரேக்கை விட்டு எடுக்காதீர்கள்.

2. வலப்பக்க இருக்கையின் பெல்ட்டைப் பூட்டி இறுக்குங்கள். பூட்டாமல் விட்ட பெல்ட்டின் கொக்கி கதவுக்கு வெளியே தொங்கினால், பறக்கும்போது விமானத்தின் உடலில் ஓயாமல் தட்டி, இன்ஜினில் ஏதோ கோளாறு என்று எண்ண வைக்கும் பயங்கரமான ஓசையை எழுப்பும். உள்ளே தளர்ந்து கிடந்தாலோ கண்ட்ரோல் வீலில் சிக்கிக்கொள்ளும். ஆசிரியரின் மெத்தை, நோட்டுப் புத்தகம், தண்ணீர்ப் புட்டி எதுவும் அந்த இருக்கையிலோ ரட்டர் பெடலின் அருகிலோ இருக்கக் கூடாது.

3. வலப்பக்கக் கதவை ஆசிரியர் வெளியிலிருந்து சாத்திய பின், உள்ளிருந்து தள்ளிப் பார்த்துத் தாழ் விழுந்ததை உறுதிசெய்யுங்கள்.

4. உங்கள் இருக்கையின் பூட்டைச் சோதியுங்கள். ஸெஸ்னாவின் இருக்கை தரையில் பதித்த இரண்டு தண்டவாளங்களின் மேல் முன்னும் பின்னும் நகர்வது; பூட்டு முள் தண்டவாளத்தின் துளையில் முழுதும் விழாமல் மேலோட்டமாக நின்றால், விமானம் வேகமெடுத்து மூக்கை உயர்த்தும் தருணத்தில் இருக்கை சரேலென்று பின்னுக்குச் சறுக்கும்; சறுக்குகிற மனிதர் பற்றிக்கொள்ளக் கிடைப்பது கண்ட்ரோல் வீல் ஒன்றே ஆதலால், அதை இழுத்துக்கொண்டே பின்னே போவார்; விமானம் மூக்கைச் செங்குத்தாகத் தூக்கி, வேகம் இழந்து, ஸ்டால் ஆகும். ஆகவே, இரு கால்களையும் தரையில் ஊன்றி உடம்பை முன்னும் பின்னுமாகப் பலமாக அசைத்துப் பாருங்கள். இருக்கை ஓர் அங்குலமும் நகரக் கூடாது.

5. எரிபொருளின் அளவை மீண்டும் பாருங்கள். ஆசிரியருடன் ஒரு மணி நேரம் பறந்த பின் மீதி எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு, ஐயம் இருந்தால் கீழே இறங்கித் தாங்கியில் அளவுகோலை விட்டுப் பாருங்கள். எண்ணெய் 4 குவார்ட்டுக்குக் குறைவாக இருந்தால் பறக்கலாகாது.

6. செக்லிஸ்ட்டை முதல் வரியிலிருந்து தொடங்குங்கள். "இப்போதுதானே எல்லாம் பார்த்தோம்" என்று இடையிலிருந்து தொடங்குவது மிகவும் சாதாரணமாகக் காணப்படும் பிழை. 1700 சுற்றில் மேக்னட்டோக்களைச் சோதிக்கையில், ஒவ்வொன்றிலும் 125 சுற்றுக்கு மேல் குறையக் கூடாது. இரண்டுக்கும் இடையே 50-க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

இவ்வளவும் முடிந்து, உள்ளம் இசையவில்லை என்று தோன்றினால், ஆசிரியரைச் சைகையால் அழைத்து அதைச் சொல்லிவிடுங்கள். அதனால் உங்கள் மதிப்பு அவரிடத்தில் குறையாது. இன்று வேண்டாம் என்று நிதானமாகச் சொல்லத் தெரிந்த மாணவர் விஷயத்தில் ஆசிரியருக்கு நம்பிக்கை கூடுகிறது என்பதே உண்மை.

எடை குறைந்த விமானம் எப்படி நடந்துகொள்ளும்

ஸெஸ்னா 152 அதிகபட்சமாகச் சுமக்கக்கூடிய மொத்த எடை 757 கிலோ. ஆசிரியர் 75 கிலோ இருப்பாரானால், அதில் பத்தில் ஒரு பங்கு உங்களை விட்டு இறங்கிவிட்டது. 110 குதிரைத் திறன் கொண்ட அந்தச் சிறிய இன்ஜினுக்கு இது பெரிய விடுதலை. ஓட்டம் சுருங்கும், நீங்கள் எதிர்பார்ப்பதற்கு முன்பே சக்கரம் தரையை விடும், ஏற்றம் துரிதமாகும், ஆசிரியருடன் பறக்கையில் எந்த மரத்தை, எந்தச் சாலையைக் கடக்கும்போது 500 அடி காட்டியதோ, அந்த இடத்துக்கு வருமுன்னரே அந்த உயரம் வந்துவிடும். மண்ணிலுள்ள அடையாளத்தைப் பார்த்துத் திரும்பிப் பழகியவர்கள் இதனால் சர்க்யூட் உயரத்தைத் தாண்டிப் போய்விடுவதுண்டு. உயரமானியைப் பார்த்துத் திரும்புங்கள்.

இறங்கும்போது, அதே வேகத்தில் வந்தாலும் இலேசான விமானம் ஓடுபாதையின் மேல் அதிக நேரம் மிதக்கும். எடை முழுதும் இடப்பக்கம் இருப்பதால் இடச் சிறகு சற்றே தாழ விரும்பும். விரல் நுனியின் அழுத்தத்தால் அதைச் சமன் செய்யலாம். இவை அனைத்தும் இயல்பானவை. இவற்றை முன்னமே அறியாதவர் விமானத்தில் ஏதோ பழுது என்று கலங்குவார்.

ஒரு சர்க்யூட், படிப்படியாக

1. ஓடுபாதைக்கு முன்னுள்ள காத்திருப்புக் கோட்டைத் தாண்டாமல் நில்லுங்கள். டவர் என்ன சொன்னாலும் ஃபைனலில் யாராவது வருகிறார்களா என்பதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே உள்ளே நுழையுங்கள். "லைன் அப் அண்ட் வெயிட்" என்றால் பாதையில் ஏறி நிற்பதற்கு மாத்திரமே அனுமதி. 1977 மார்ச் 27-இல் தெனெரீஃபே நிலையத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் மாண்டதற்கு, கிடைக்காத புறப்பாட்டு அனுமதியைக் கிடைத்ததாகக் கொண்டதே பிரதான காரணம். கேட்டது விளங்கவில்லையானால் "ஸே அகைன்" என்று கேளுங்கள்.

2. பாதையின் நடுக்கோட்டில் நேராக நின்று, காம்பஸ் காட்டும் திசை ஓடுபாதையின் எண்ணோடு பொருந்துகிறதா என்று ஒரு கணம் பாருங்கள்.

3. த்ராட்டிலை நிதானமாக முழுதும் தள்ளுங்கள். மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வலக்காலால் ரட்டரைச் சமன் செய்யுங்கள். ஓடும்போது மூன்றைப் பாருங்கள்: இன்ஜின் சுற்று, எண்ணெய் அழுத்தம், வேகமானி உயிர் பெற்றதா என்பது. மூன்றில் ஒன்று சரியில்லையானாலும் த்ராட்டிலை மூடிப் பிரேக்கிட்டு நிறுத்திவிடுங்கள்; எதிரே பாதை மிச்சமுள்ளது.

4. 50 நாட்டில் மூக்கை மெல்ல உயர்த்துங்கள். 65 முதல் 75 நாட்டுக்குள் வேகத்தை நிறுத்தி டிரிம் செய்யுங்கள்.

5. 500 அடியில், திரும்பும் திசையில் வானத்தைத் துழாவிப் பார்த்துவிட்டு இடப்பக்கம் திரும்புங்கள். வலப்பக்கம் காலியாகக் கிடக்கும் இருக்கை அனேகமாக இங்கேதான் முதன்முதலாகக் கண்ணில் படும். அந்தப் பக்கத்துக் கண்ணாடி வழியாக இதுவரை ஆசிரியரின் தோளால் மறைந்திருந்த பூமி முழுதும் தெரியும். பார்க்கலாம், தவறில்லை, ஒரே பார்வையோடு கண்ணை அடிவானத்துக்குத் திருப்புங்கள்.

6. 1000 அடியில் சமன்செய்து டவுன்விண்டில் ஓடுபாதைக்கு இணையாகப் பறங்கள். முதலில் மூக்கைத் தாழ்த்துங்கள், வேகம் வந்ததும் இன்ஜின் சுற்றைக் குறையுங்கள், கடைசியில் டிரிம். டவருக்கு இடத்தைச் சொல்லுங்கள். எரிபொருள், மிக்ஸ்சர், பிரேக், பெல்ட் ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்லிச் சரிபாருங்கள். தனியாக இருப்பினும் ஆசிரியர் கேட்டுக்கொண்டிருப்பதாகவே எண்ணி உரக்கச் சொல்வது மறதியைத் தடுக்கும்.

7. ஓடுபாதையின் முனை சிறகுக்கு நேரே வந்ததும் கார்ப்யூரேட்டர் ஹீட்டை இழுங்கள். பிறகே சுற்றைக் குறையுங்கள். நம் கடற்கரைப் பிரதேசத்தின் ஈரக் காற்றில், வெப்பமான நாளிலும் கார்ப்யூரேட்டருக்குள் பனிக்கட்டி உறையக்கூடும் என்பதை மாணவர்கள் நம்புவது அரிது. ஆவியாகும் பெட்ரோலும், குறுகிய வழியில் விரைந்து விரியும் காற்றும் சேர்ந்து உள்ளே வெப்பத்தை வெகுவாகத் தணித்துவிடுகின்றன. வேகம் 85 நாட்டுக்குக் கீழே வந்த பின் முதல் ஃப்ளாப்.

8. ஓடுபாதையின் முனை தோளுக்குப் பின்னே, சாய்கோணத்தில் தெரியும்போது பேஸுக்குத் திரும்புங்கள். 65 முதல் 70 நாட். இரண்டாவது ஃப்ளாப்.

9. ஃபைனலுக்குத் திரும்பும் திருப்பம் 500 அடிக்குக் கீழே போகாமல் முடியட்டும். கடைசி ஃப்ளாப், 60 நாட். கண்ணாடியில் அசையாமல் நிற்கும் புள்ளியே நீங்கள் சேரப்போகும் இடம். நீங்கள் குறிவைத்த இடம் மேலே நகர்ந்தால் தாழ்ந்து வருகிறீர்கள், கீழே நகர்ந்தால் உயர்ந்து வருகிறீர்கள்.

எச்சரிக்கை: பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்புகையில், திருப்பம் தாமதித்து ஓடுபாதையின் நேர்கோட்டைக் கடந்துவிட்டால், ரட்டரை உதைத்து மூக்கை இழுத்துச் சேர்த்துவிடலாம் என்ற ஆசை எழும். தாழ்ந்த உயரத்தில் ஸ்பின் ஆகி உயிரிழந்தோர் பலர் இந்த ஆசைக்கு இடங்கொடுத்தவர்களே. 30 டிகிரி சாய்வில் ஸ்டால் வேகம் 7 சதவிகிதம் கூடுகிறது. 45 டிகிரியில் 19. 60 டிகிரியில் 41. சாய்வை 30 டிகிரிக்கு மேல் விடாதீர்கள். கோட்டைக் கடந்துவிட்டால் கடந்ததாகவே இருக்கட்டும். கோ-அரவுண்ட் செய்து மறுபடி வாருங்கள்.

தரையைத் தொடுதல்

ஓடுபாதையின் முனையைக் கடந்ததும் கண்ணை அருகிலுள்ள தரையிலிருந்து எடுத்து, பாதையின் மறுகோடிக்கு அனுப்புங்கள். அருகே பார்ப்பவர் உயரத்திலேயே மூக்கைத் தூக்கி விமானத்தைத் தொப்பென்று விழச் செய்வார். வெகு தூரத்துக்கு அப்பால் வெறிப்பவர் உயரத்தை அதிகமாக மதிப்பிட்டு மூக்கைத் தாமதித்து உயர்த்துவார். த்ராட்டிலை மெல்ல மூடி, விமானம் தாழத் தாழ அதற்கு ஏற்ற அளவுக்கு மட்டும் வீலைப் பின்னுக்கு இழுத்து, முக்கியச் சக்கரங்கள் முதலில் தொடவும் மூக்குச் சக்கரம் தானாகப் பிறகு தாழவும் விடுங்கள்.

இங்கே நேரும் பிழைகள் நான்கு வகை.

மிதத்தல்: வேகம் 60-க்கு மேல் இருந்தால் விமானம் தரைக்குச் சற்று மேலே போய்க்கொண்டே இருக்கும். அதை வலிய அழுத்தித் தரையில் இறக்க முயலாதீர்கள். காத்திருங்கள். பாதையின் மூன்றில் ஒரு பகுதி கடந்தும் சக்கரம் தொடவில்லையானால் மேலேறிவிடுங்கள்.

எழும்புதல்: வீலை வேகமாக இழுத்ததால் விமானம் மறுபடி உயர்கிறது. உடனே வீலை முன்னே தள்ளுவதுதான் பெரும் பிழை. உயரம் சிறிதானால் அந்த நிலையிலேயே மூக்கைப் பிடித்து, சிறிது சுற்றைக் கூட்டித் தாழ விடுங்கள். உயரம் மிகுதியானால் மேலேறுங்கள்.

துள்ளுதல்: மூக்குச் சக்கரம் முதலில் பட்டு விமானம் துள்ளினால், மாணவர் தள்ளுவார், அது மறுபடி மோதும், அவர் இழுப்பார், முன்னிலும் உயரமாகத் துள்ளும், ஒவ்வொரு முறையும் மோதல் பலப்பட்டு, மூக்குக் காலும் புரொப்பெல்லரும் உடைவதில் போய் முடியும். முதல் துள்ளலிலேயே த்ராட்டில் முழுதும் உள்ளே போக வேண்டும்.

பக்கவாட்டில் நழுவுதல்: காற்று வரும் பக்கத்துச் சிறகைத் தாழ்த்தி, எதிர்ப்பக்க ரட்டரால் மூக்கை நேராக்குங்கள்.

கைவிட்டு மேலேறுதல்

முதல் சோலோவில் கோ-அரவுண்ட் செய்த மாணவரை எந்த நல்ல ஆசிரியரும் கடிந்துகொண்டதில்லை. ஓடுபாதையின் ஓரத்தில் கையில் வானொலிப் பெட்டியோடு நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் அவர், விமானம் கோணலாக வருவதைக் கண்டு மூச்சை அடக்கிக்கொண்டிருக்கையில், இன்ஜினின் முழு ஓசை எழும்புவதைக் கேட்டதும் அடையும் நிம்மதியை, மெத்தென்ற இறக்கம் எதுவும் அவருக்குத் தருவதில்லை.

ஃபைனலில் 200 அடியில் உங்களை நீங்களே மூன்று கேள்வி கேளுங்கள்: வேகம் 60-ஐ ஒட்டி உள்ளதா? நடுக்கோட்டில் இருக்கிறேனா? பாதை காலியா? மூன்றுக்கும் உடனடியாக "ஆம்" என்ற விடை வராவிட்டால் இறங்காதீர்கள். விடை சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கமே "இல்லை" என்று கொள்க.

1. த்ராட்டிலை முழுதும் தள்ளுங்கள். கார்ப்யூரேட்டர் ஹீட்டை மூடுங்கள்.
2. அதே கணத்தில் மூக்கைப் பிடியுங்கள். இறங்குவதற்காக டிரிம் செய்த விமானம், முழு இன்ஜின் பலம் வந்ததும் மூக்கை வெகு வேகமாக உயர்த்தும். கையில் வரும் அந்த எதிர்ப்பு, பழகாதவருக்கு வியப்பூட்டும் அளவு கனமானது. தயங்காமல் முன்னே அழுத்தி 55 நாட்டுக்குக் குறையாமல் காத்துக்கொள்ளுங்கள். வலக்கால் ரட்டரையும் மறவாதீர்கள்.
3. ஃப்ளாப்பை 20 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். ஒரேயடியாக முழுதும் மடக்கினால் விமானம் தரையை நோக்கித் தாழும்.
4. உயரமானி ஏறுவதைக் கண்ட பின், மிச்ச ஃப்ளாப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்குங்கள்.
5. டவரிடம் பேசுவது இத்தனைக்கும் பிறகு. "கோயிங் அரவுண்ட்" என்ற இரண்டு சொற்கள் போதும்.

யோசனை: சோலோவுக்கு முந்தைய பாடங்களில், எந்தக் காரணமும் இல்லாமலே கோ-அரவுண்ட் சொல்லும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள், தரையிலிருந்து 10 அடியில் ஒன்று, சக்கரம் தொட்ட பின் ஒன்று. கை பழகிவிட்டால் மனம் தடுக்காது.

எதிர்பாராதவை

புறப்பட்டவுடன் இன்ஜின் நின்றால்: மூக்கை உடனே தாழ்த்தி 60 நாட்டைப் பிடியுங்கள், நேர் எதிரே, அல்லது இருபுறமும் 30 டிகிரிக்குள், கிடைத்த இடத்தில் இறங்குங்கள். ஓடுபாதைக்குத் திரும்ப முயல வேண்டாம். திரும்பி அதன் நேர்கோட்டில் சேர்வதற்கு அரைவட்டத்தைவிட அதிகமாகத் திரும்ப வேண்டும். சர்க்யூட்டின் தொடக்கத்தில் அதற்கான உயரம் உங்களிடம் இருக்காது. புறப்படுமுன், எதிரே உள்ள வயல் எது, குளம் எது என்று ஆசிரியரோடு நடந்து பார்த்து வைத்திருங்கள்.

கதவு திறந்துகொண்டால்: பெரும் ஓசையும் காற்றும் வரும், விமானம் பறப்பதற்கு இடையூறு இராது. சாத்தக் கையை நீட்டாதீர்கள். சர்க்யூட்டை முடித்து இறங்குங்கள்.

வானொலி மௌனமானால்: ஹெட்செட்டின் இணைப்பையும் ஒலியளவையும் பாருங்கள். பயனில்லையானால் டிரான்ஸ்பாண்டரில் 7600 இட்டு, சர்க்யூட்டைத் தொடர்ந்தபடி டவரின் விளக்கைக் கவனியுங்கள். நிலையான பச்சை, இறங்கலாம். நிலையான சிவப்பு, பிறருக்கு வழிவிட்டு வட்டமிடு. விட்டு விட்டு எரியும் சிவப்பு, நிலையம் பத்திரமற்றது, இறங்காதே. கண்டுகொண்டதற்கு அடையாளமாகச் சிறகுகளை ஆட்டுங்கள்.

பறவை எதிர்ப்பட்டால்: அவை மிரண்டால் பெரும்பாலும் கீழ்நோக்கியே பாயும், ஆகையால் வேகம் இடங்கொடுக்கும் அளவுக்கு மேலே விலகுங்கள்.

நின்ற பிறகு

சக்கரம் தொட்டதும் வேலை முடிந்தது என்று மனம் தளர்வதனால், மூக்கு திரும்பிப் புல்லில் ஓடிய விமானங்கள் உண்டு. நடைவேகத்துக்கு வரும் வரை நடுக்கோட்டை விடாதீர்கள்; ஓடுபாதையை முழுதும் விட்டு விலகி நின்ற பின்னரே ஃப்ளாப்பில் கை வையுங்கள்.

1. செக்லிஸ்ட்டின்படி இன்ஜினை நிறுத்தி, மேக்னட்டோ சாவியை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி டாஷ்போர்டின் மேல் வையுங்கள்.
2. கண்ட்ரோல் லாக், சக்கரக் கட்டை, கயிறு. நண்பர்கள் வாளித் தண்ணீரோடு காத்திருப்பார்கள். பல சங்கங்களில் அது வழக்கம். விமானத்தைக் கட்டிய பிறகு நனையலாம்.
3. ஆசிரியர் சொல்லும் குறைகளை அன்றே எழுதிக்கொள்ளுங்கள். மகிழ்ச்சியில் கேட்டது மறுநாள் நினைவிருக்காது.
4. லாக் புத்தகத்தில் தேதி, விமானத்தின் பதிவெழுத்துகள், நேரம் ஆகியவற்றை எழுதி, தனியே பறந்ததற்குரிய கட்டத்தில் பதியுங்கள். விமானம் புறப்படுவதற்காகத் தன் பலத்தால் முதலில் அசைந்தது முதல், முடிவில் நின்றது வரை உள்ளதே பறந்த நேரம். கையொப்பம் வாங்குங்கள்.

அடுத்த முறை வரும்போது, ஆசிரியர் மறுபடி உடன் அமர்ந்து இரண்டு மூன்று சர்க்யூட் பார்த்த பின்னரே மீண்டும் இறங்குவார். அன்றைய காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்பப் புதிய அனுமதி எழுதப்படும். இருக்கைப் பூட்டையும் வலப்பக்கப் பெல்ட்டையும் அன்றும் முதலிலிருந்து பாருங்கள்.